இருபத்திரண்டு நிமிட ஆகாயம்

ஊத்துக்கல் மலைக்காரர்கள் ரோடு கேட்டு முப்பத்தொரு வருஷம் மனுக் கொடுத்தார்கள். முப்பத்திரண்டாம் வருஷம் அவர்களுக்கு ஆகாய விமானம் வந்தது.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற வழியில் ஒரு மண்பாதை பிரிந்து, கொஞ்ச தூரம் போய் ஒரு புளியமரத்தோடு முடிந்துவிடும். அங்கிருந்து மூன்று மணி நேரம் ஏறினால் ஊத்துக்கல். நாற்பத்தொரு வீடு. சாமையும் கேழ்வரகும் விளையும். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு என்று அந்த ஊரில் யாராவது ஒருத்தர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சொல்ல வந்தவர் வேர்க்க விறுவிறுக்க மலையேறி வந்திருந்தார். அப்படி வந்தவரைக் கண்டால் அந்த ஊருக்கு முதலில் மோர் கொடுக்கத்தான் தோன்றும்.

வந்தவர் பெயர் மாதவராஜ். மலைவாழ் மக்கள் வான்பயணக் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர். மோரைக் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு, மந்தைவெளியில் உட்கார்ந்திருந்த ஊரைப் பார்த்துப் பேசினார்.

"ரோடுன்னா என்னா? மரம் வெட்டணும், பாறை உடைக்கணும், யானை குறுக்க போகும், வனத்துறை கையெழுத்துப் போடாது. ஆகாயத்துல மரம் இல்ல. பாறை இல்ல. யானை இல்ல. அதனால உங்க ரோட்டுக்கு ஒதுக்கின நிதியில ஒரு குட்டி விமானம் வாங்கிட்டோம். நாலு சீட்டு. ஒருத்தரே வச்சுக்கிட்டா செலவு தாங்காது. நாப்பத்தொரு வூடும் பங்கு போட்டுக்கிட்டா?"

"தாங்கும்," என்று அவரே சொல்லிக்கொண்டார். "வூட்டுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு வருஷத்துல மூணு மணி நேரம் விமானம் உங்களோடது. மாசாமாசம் விமானம் நிக்கிற கொட்டகைக்குச் சந்தா மட்டும் கட்டினா போதும்."

கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவன் தீர்த்தன். இரண்டு ஏக்கர் சாமைக்காடும், ஒரு பசுவும், செல்லி என்ற மனைவியும் உள்ளவன். எதையும் தனக்குத் தெரிந்த ஒன்றோடு வைத்துப் பார்த்தால்தான் அவனுக்கு விளங்கும். "ஊத்துத் தண்ணி முறை மாதிரிங்களா சார்?" என்று கேட்டான்.

ஊத்துக்கல்லில் இருப்பது ஒரே ஊற்று. நாற்பத்தொரு வீட்டுக் காட்டுக்கும் அதுதான் தண்ணீர். இந்த வீட்டுக்கு இன்ன நாள், இத்தனை நாழிகை என்று முறை உண்டு. முறை வந்த வீட்டுக்காரர் மடையைத் தன் காட்டுப் பக்கம் திருப்பிக்கொள்வார். பயிர் காய்கிறது என்று ஒருத்தன் வந்து நின்றால் இன்னொருத்தன் தன் முறையை விட்டுக்கொடுப்பான், பிறகு ஒரு நாள் வாங்கிக்கொள்வான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பக்கத்து வீட்டுக்காரர் போய்த் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருவார். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது, சண்டையும் பெரும்பாலும் கிடையாது.

மாதவராஜுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாததற்குத் தலையாட்டுவதில் அவருக்கு இருபது வருஷ சர்வீஸ். "அதே மாதிரிதான்," என்றார். "ஆனா சயின்டிஃபிக்."

தண்ணீர் முறை மாதிரி என்று செயலாளரே சொல்லிவிட்டார். நாற்பத்தொரு வீடும் கையெழுத்துப் போட்டது. அன்று சாயங்காலம் செல்லி கேழ்வரகுக் களியைக் கிண்டிக்கொண்டே, "ஆகாசத்துல மூணு மணி நேரம் வாங்கி என்னா பண்றது? அங்க சாமை வெளையுமா?" என்று கேட்டாள். அந்த ஊரில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

மாடு மேய்கிற மந்தைவெளியை மூன்று மாதம் கூலியில்லாமல் மட்டம் செய்து ஓடுபாதை ஆக்கினார்கள். அதற்கு 'உறுப்பினர் பங்களிப்பு' என்று பெயர். மாடுகள் எங்கே மேய்வது என்பது திட்ட அறிக்கையில் இல்லை. திறப்பு விழாவுக்கு விமானம் வந்தது, வெள்ளையில் நீலக் கோடு போட்டு, மூக்கில் ஒரு காற்றாடியோடு. பூசணிக்காய் உடைத்தார்கள். சால்வை போர்த்தினார்கள். பிறகு மாதவராஜ் ஊர்க் கம்பைக் கேட்டார்.

ஊர்க் கம்பு என்பது நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிப்போகிற மூங்கில். நன்றாக முற்றிக் காய்ந்து, தோள் பட்டுப்பட்டு வழவழப்பானது. வீட்டுக்கு ஒரு ஆள் தோள் கொடுத்து மாற்றி மாற்றித் தூக்கினால் மூன்று மணி நேரத்தில் புளியமரத்தடிக்கு வந்துவிடலாம். அங்கே ஆம்புலன்ஸ் வந்து நிற்கும். அப்படித்தான் அந்த ஊரில் பிறந்தவர்களும் பிழைத்தவர்களும்.

"இனிமே இந்தக் கம்புக்கு வேலை இல்ல," என்று மாதவராஜ் மைக்கில் சொன்னார். "இதை பென்னாகரம் ஆபீஸ்ல கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறோம். மனுசனை மனுசன் சுமந்த காலம் ஒண்ணு இருந்துச்சுன்னு வருங்காலம் தெரிஞ்சுக்கணும்." கை தட்டினார்கள். ஊர் மூத்தவர் முனியப்பன்தான் கம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தார். போட்டோவில் அவர் முகம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறவர் முகம் மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு பறப்புப் புத்தகம் வந்தது. பால் சொசைட்டி அட்டை மாதிரி இருக்கும். அதில் தீர்த்தனின் மூன்று மணி நேரம் மாதாமாதம் கரைந்துகொண்டு வந்தது. அவன் ஒரு நாளும் விமானத்தில் ஏறவில்லை.

முதல் பொதுக்குழுவில் இதைக் கேட்டான். மலை இறங்கி, பஸ் பிடித்து, மிக்சரும் டீயும் கொடுக்கிற வரைக்கும் பொறுத்திருந்து கேட்டான்.

"நல்ல கேள்வி," என்றார் மாதவராஜ். நல்ல கேள்வி என்றால் பதில் நீளும் என்று அர்த்தம். "விமானம் ஓசூர்ப் பக்கம் கொட்டகையில நிக்குது. சும்மா நின்னாலும் வாடகை, காப்பீடு, வருஷ சோதனை எல்லாம் உண்டு. யானையக் கட்டிப் போட்டா தீனி போடாம இருக்க முடியுங்களா? சரி, நிக்கட்டும்னு விட்டா இன்ஜின்ல துரு ஏறிடும். பறக்காத விமானம் பட்டினி கிடக்கிற மாடு. அதனால உங்க நன்மைக்காக நானும் நம்ம சங்கத்துத் தனி அலுவலரும் வாராவாரம் அதுல பெங்களூரு போய்ட்டு வர்றோம். எங்களுக்கு ஆகாயம் ஒத்துக்காது. தனி அலுவலருக்குக் காது அடைக்கும். இருந்தாலும் போறோம். அந்த நேரத்தை நாப்பத்தொரு வூட்டுக்கும் சமமாப் பிரிச்சுக் கழிக்கிறோம். ஒருத்தருக்குக் கூடுதல், ஒருத்தருக்குக் குறைச்சல் கிடையாது. அதான் கூட்டுறவு."

தீர்த்தன் உட்கார்ந்துவிட்டான். சமமாகக் கழிக்கிறார்கள் என்றால் என்ன சொல்ல முடியும்.

கணக்கர் சுகுணா இன்னொன்றும் விளக்கினாள். எரிபொருள் சேர்த்த கட்டணத்துக்கு ஈரக் கட்டணம் என்று பெயர். எரிபொருள் நீங்கலானது உலர் கட்டணம். "நீங்க மானாவாரிக்காரங்க, உங்களுக்கு உலர்தான் போட்டிருக்குது," என்றாள். பெட்ரோலுக்குத் தனியாகப் பின்னால் பில் வரும். அப்புறம், ஒரு தடவை கூப்பிட்டால் குறைந்தது இரண்டு மணி நேரம் கழியும், பத்து நிமிஷம் பறந்தாலும் சரி. ஓசூரிலிருந்து காலியாக வந்து காலியாகத் திரும்புகிற ஐம்பது நிமிஷம் அதற்கு மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று முனியப்பன் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். அவருக்கு அப்போது பல்வலி. விமானத்தைக் கூப்பிட்டால் பல்லுக்கு இரண்டு மணி ஐம்பது நிமிஷம் ஆகும் என்று தெரிந்ததும் ஊருக்குப் போய்க் குறட்டால் தானே பிடுங்கிக்கொண்டார்.

ஐப்பசி மாதம் சாமை அறுப்பு. காலை ஏழு மணிக்குச் செல்லி அரிவாளோடு காட்டில் குனிந்தவள், "ஏங்க," என்று ஒரு தரம் கூப்பிட்டாள். தீர்த்தன் திரும்பிப் பார்த்தபோது அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரிதாளுக்குள் கண்ணாடி விரியன் அவசரமில்லாமல் நகர்ந்து போனது.

காலை அசைக்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து ஓடுபாதை ஓரத்தில் வேலமர நிழலில் படுக்க வைத்தார்கள். ஊர் கூடிவிட்டது. பழக்கதோஷத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். ஆனால் கம்பு இல்லை. அதனால் என்ன, விமானம் இருக்கிறதே. ஊரில் ஒரே ஒரு பாறை மேல்தான் செல்போனுக்கு டவர் கிடைக்கும். தீர்த்தன் அதன்மேல் ஏறி ஏழே காலுக்கு மாதவராஜைக் கூப்பிட்டான்.

"நல்ல வேளை கூப்பிட்டீங்க," என்றார் மாதவராஜ். குரலில் நிஜமான சந்தோஷம். எட்டு மாதத்தில் முதல் நோயாளி. "நோயாளியை நகர்த்தாதீங்க. நகர்த்தினா பயணம் ரத்துன்னு எடுத்துக்குவாங்க. உங்க புத்தகத்துல எவ்வளவு நேரம் பாக்கி இருக்குது?"

தீர்த்தன் ஆளனுப்பிப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னான். இருபத்திரண்டு நிமிடம் இருந்தது.

"அது பத்தாதே," என்றார் மாதவராஜ். "ரெண்டு மணி அம்பது நிமிஷம் வேணும்."

தீர்த்தனுக்கு ஒன்றும் பயம் தோன்றவில்லை. முறை போதவில்லை என்றால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியும். பாறையில் நின்றபடியே கீழே பார்த்து, "முறை பத்தலியாம்," என்று சொன்னான். அவ்வளவுதான் சொன்னான். முனியப்பன், "என்னுத எடுத்துக்கோ," என்றார். அடுத்த வீட்டு ராமக்கா, "என்னுதையும்," என்றாள். நாற்பது வீடும் கொடுத்தது. ஆளுக்கு இருபத்திரண்டு நிமிஷம். சமமாகக் கழித்திருந்தார்கள் அல்லவா.

"நாப்பது தேவையில்ல. உங்களோட சேர்த்து எட்டு வூடு போதும்," என்றார் மாதவராஜ். "ஆனா முறை மாத்திக்கொடுக்க ஒவ்வொருத்தரும் போன்ல வந்து உறுப்பினர் எண், தகப்பனார் பேர், சம்மதம்னு சொல்லணும். ரெக்கார்ட் ஆவும்."

ஏழு பேர் பாறையில் வரிசையாக ஏறினார்கள். முனியப்பனுக்குத் தகப்பனார் பெயர் தெரியும், உறுப்பினர் எண் தெரியாது. ராமக்காவுக்கு எண் தெரியும், ஆனால் புத்தகத்தில் அவள் பெயர் ராமம்மா என்று இருந்தது. ராமக்காவும் ராமம்மாவும் ஒருத்திதான் என்று முனியப்பன் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு மறுபடி அவர் எண் வேண்டியிருந்தது. எட்டரை ஆயிற்று.

செல்லியின் கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. தீர்த்தன் கீழே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் துடைத்துவிட்டான்.

"நம்ம முறை வந்துட்டுதா?" என்று கேட்டாள்.

"வந்துட்டுது. இதோ."

"தூக்கிட்டுப் போயிருந்தா இந்நேரம் பாதி வழி போயிருக்கலாங்க."

போயிருக்கலாம். அவனுக்கும் தெரியும். அதற்குள் பாறையிலிருந்து கூப்பிட்டார்கள்.

மாதவராஜின் குரல் இப்போது கொஞ்சம் தாழ்ந்திருந்தது. "ஒரு சின்ன சட்டச் சிக்கல், தீர்த்தன். செலவைப் பங்கு போட்டுக்கிறது வேற, வாடகைக்கு ஓட்டறது வேற. எட்டு வூட்டுக்காரங்க செலவு பண்ணி ஒரு பொம்பளைய ஏத்திவிட்டா அது பங்கு ஆகாது, வாடகை. வாடகைக்கு ஓட்ட நம்ம பைலட் கோகுல்ராஜுக்கு லைசன்ஸ் கிடையாது. பங்குன்னா ஏறினவங்க எல்லாரும் சமமாச் செலவு போடணும். எல்லாருக்கும் ஒரே நோக்கம் இருக்கணும். பொது நோக்கம்னு பேரு."

"நோக்கம் ஆஸ்பத்திரிதானுங்க சார்."

"அது உங்க வூட்டுக்காரம்மாவுக்கு. பைலட்டுக்கு என்ன நோக்கம்?"

"அவரு ஓட்டறாருங்களே."

"ஓட்டறது நோக்கம் ஆகாது. நானும் தனி அலுவலரும் பெங்களூரு போறோம்னா எங்க நோக்கம் ஆய்வு. பைலட்டும் ஆய்வுக்குத்தான் வர்றாரு. அங்க இடிக்கல. இங்க அவருக்கும் ஆஸ்பத்திரியில சொந்த வேலை இருந்தாத்தான் கூட ஏற முடியும்."

"அவரையும் பாம்பு கடிக்கணுங்களா சார்?" என்று தீர்த்தன் கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. கடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் எப்படி என்று அடுத்ததாகக் கேட்டிருப்பான்.

"அவ்வளவு தூரம் வேண்டாம்," என்றார் மாதவராஜ் பெருந்தன்மையாக. "ஏதாவது ஒரு சீக்கு இருந்தாப் போதும். விசாரிச்சுச் சொல்றேன். நோயாளியை மட்டும் நகர்த்திடாதீங்க. நகர்த்தினா ரத்து. ரத்துன்னா எட்டு வூட்டு நேரமும் போயிடும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் தீர்த்தனைக் கட்டிப்போட்டது. தன்னுடையது போனால் போகட்டும். இரவல் வாங்கின முறையை வீணாக்குகிறவனை ஊத்துக்கல்லில் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். மடையைத் திருப்பி வாங்கிவிட்டுத் தண்ணீரை ஓடையில் விடுகிறவன் என்ற பேர் ஒருத்தனுக்கு வந்தால் அவன் பேரனுக்கும் அது நிற்கும். ஆட்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார்கள். முனியப்பன் இரண்டு தரம், "தூக்கிடலாம்டா," என்றார். இரண்டு தரமும் தீர்த்தன் பாறையைப் பார்த்தான்.

ஒன்பதே முக்காலுக்கு நல்ல செய்தி வந்தது. முப்பத்து நான்கு வயது கோகுல்ராஜுக்குச் சர்க்கரை இருக்கலாம் என்று அவர் மனைவிக்கு ஒரு சந்தேகம் உண்டாம். சேலத்தில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். இன்னும் விசேஷம், அன்று காலை அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"கடவுளே வழி காட்டறாரு பாருங்க," என்றார் மாதவராஜ். "பதினொன்றரைக்கு ரத்தப் பரிசோதனைக்கு டோக்கன் போட்டாச்சு. நோக்கம் ஒண்ணாயிடுச்சு."

விமானம் பத்தே ஐம்பதுக்கு வந்தது. முதலில் சத்தம், பிறகு வடக்கே மலைமுகட்டுக்கு மேல் நீலக் கோடு. பெண்கள் அழுதுவிட்டார்கள். செல்லியின் சிவப்புச் சேலை ஒன்றைக் கழியில் கட்டி ஆட்டினார்கள். விமானம் தாழ்ந்து வந்து ஓடுபாதைக்கு மேல் ஒரு வட்டம் போட்டது. பிறகு நிமிர்ந்து தெற்கே போயிற்று. சத்தமும் போயிற்று.

தீர்த்தன் பாறைக்கு ஓடினான்.

"தப்பா நினைக்காதீங்க," என்றார் மாதவராஜ். "இறங்கி ஏறினா இருபது நிமிஷம் ஆவும். பதினொன்றரைக்கு மேல டோக்கன் செல்லாது. டோக்கன் போனா பைலட்டோட நோக்கம் போச்சு. நோக்கம் போனா பயணமே சட்டவிரோதம். சட்டவிரோதமான விமானத்துல உங்க வூட்டுக்காரம்மாவ ஏத்தச் சொல்றீங்களா? அதனால அவரு முதல்ல நோக்கத்தை முடிச்சுட்டு வந்துடுவாரு. நகர்த்தாதீ..."

தீர்த்தன் போனைப் பாறையிலேயே வைத்துவிட்டு இறங்கினான். முனியப்பன் ஏற்கெனவே ஆளை அனுப்பி மூங்கில் வெட்டியிருந்தார். பச்சை மூங்கில். கனம். கணுக்களைச் செதுக்க நேரமில்லை. போர்வையைக் கட்டிச் செல்லியை அதில் படுக்க வைத்துத் தூக்கினார்கள். கணு தோளை அறுத்தது. யாரும் தோள் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. முதல் ஓடையில் அவள் தண்ணீர் கேட்டாள். இரண்டாம் ஓடையில் அம்மாவைக் கூப்பிட்டாள். அவள் அம்மா இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மூன்றாம் ஓடையைத் தாண்டும்போது போர்வை முன்னைவிடக் கனமாகத் தெரிந்தது. முன்னால் தூக்கியவர் முனியப்பன். அவர் நிற்கவில்லை. நின்றால் தீர்த்தனுக்குத் தெரிந்துவிடும் என்று புளியமரம் வரைக்கும் நடந்தார்.

ஆம்புலன்ஸ்காரப் பையன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு மணி நேரம் முன்னால வந்திருந்தா," என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

ஒன்றே காலுக்கு விமானம் ஊத்துக்கல்லில் இறங்கியதாம். ஊரில் அப்போது ராமக்காவும் சில கிழவிகளும்தான் இருந்தார்கள். கோகுல்ராஜ் கீழே இறங்கி, கையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, "பேஷண்ட் எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். கால்மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார். காத்திருப்புக்கும் கட்டணம் உண்டு.

காரியமெல்லாம் முடிந்து பதினெட்டாம் நாள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. தீர்த்தன் பென்னாகரம் போனான். உரக்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். மாதவராஜின் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் ஊர்க் கம்பு. அதற்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள்.

மாதவராஜ் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சங்கமே துக்கத்துல இருக்குது. இரங்கல் தீர்மானம் போட்டுட்டோம். ரெண்டு நிமிஷம் மௌனம். அந்த ரெண்டு நிமிஷத்தை யாரு கணக்குலயும் கழிக்கல." பிறகு உட்கார்ந்தார். "இப்ப பயண முடிவுப் படிவம் ஒண்ணு பாக்கி இருக்குது."

சுகுணா படிவத்தை நகர்த்தினாள். பயணம்: ஓசூர், சேலம், ஊத்துக்கல், ஓசூர். பொது நோக்கம்: மருத்துவம். நோக்கம் நிறைவேறியதா என்று ஒரு கட்டம். அதற்குப் பக்கத்தில் டைப் அடித்தே இருந்தது: ஆம். சர்க்கரை அளவு சாதாரணம்.

தீர்த்தன் அதை எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தான். "யாருக்குங்க நிறைவேறிச்சு?" என்று கேட்டான்.

"பொது நோக்கம்னா அதான் அழகு," என்றார் மாதவராஜ். "ஒருத்தருக்கு நிறைவேறினாலும் எல்லாருக்கும் நிறைவேறின மாதிரி. பைலட்டுக்கு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சதுல அவங்க வூட்ல எவ்வளவு நிம்மதி தெரியுங்களா? உங்க எட்டு வூடும் சேர்ந்து செஞ்ச புண்ணியம் அது."

"நிறைவேறலன்னு எழுதுனா?"

"எழுதலாம். ஜனநாயகம். ஆனா விசாரணை வரும். விசாரணை முடியற வரைக்கும் முறை கொடுத்த ஏழு வூட்டுப் பங்கும் முடக்கம். சந்தா மட்டும் கட்டிக்கிட்டு வரணும். இல்லேன்னா அபராதம். நீங்க கையெழுத்துப் போட்டுட்டா சித்திரையில அவங்களுக்குப் புதுசா மூணு மணி நேரம் வந்துடும். உங்க இஷ்டம்."

இரவல் கொடுத்த ஏழு வீடு. முனியப்பன் தோளில் கணு அறுத்த புண் இன்னும் ஆறவில்லை. தீர்த்தன் பேனாவை வாங்கி, உறுப்பினர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

"பயணி கையெழுத்து?" என்றாள் சுகுணா, படிவத்தைப் பார்த்துக்கொண்டே. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நிமிரவில்லை. "வாரிசு போடலாங்க," என்று மெதுவாகச் சொன்னாள். செல்லி என்று எழுதியிருந்த பெயருக்குக் கீழே தீர்த்தன் இன்னொரு கையெழுத்துப் போட்டான்.

எழுந்து நின்றவன் போகவில்லை. கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். "சார், அந்தக் கம்பையாச்சும் குடுத்துடுங்க."

"அது சங்கத்தோட அசையாச் சொத்துல ஏறிப்போச்சு, தீர்த்தன்." மாதவராஜ் யோசித்தார். உதவி செய்ய வேண்டும் என்று அவருக்கு உண்மையிலேயே ஆசை இருந்தது. அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம். "ஒண்ணு பண்ணலாம். வாடகைக்குத் தரலாம். ஒரு தடவை எடுத்தா குறைஞ்சது ரெண்டு மணி நேரம். தனியா எடுத்தா உங்களுக்குக் கட்டுப்படியாகாது. நாப்பத்தொரு வூடும் பங்கு போட்டுக்கிட்டீங்கன்னா..."

தீர்த்தன் படியிறங்கிவிட்டான்.

பஸ்ஸை விட்டு இறங்கி மலையேறி ஊர் எல்லைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. அன்று அவனுடைய தண்ணீர் முறை. ஆபீசில் போய் உட்கார்ந்துவிட்டான். செல்லி இருந்தால் அவள் பாய்ச்சியிருப்பாள். இனி எட்டு நாளைக்குத் தண்ணீர் இல்லை, அவரைக்கொடி காய்ந்துவிடும் என்று எண்ணிக்கொண்டே காட்டுக்குப் போனான்.

காட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முனியப்பன் மண்வெட்டியோடு நடு வாய்க்காலில் நின்றார். முக்கால் காடு நனைந்திருந்தது.

"உன் முறைடா. ஆளைக் காணோம். அதான் நான் பாச்சினேன்," என்றார்.

தீர்த்தன் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தான். புளியமரத்தடியில் அழாதவன், குழி மூடும்போது அழாதவன், ஆகாயத்தில் வைத்திருந்த மூன்று மணி நேரத்தை இழந்துவிட்டு ஈரமண்ணில் காலை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். முனியப்பன் தேற்றவில்லை. தண்ணீரை அடுத்த பாத்திக்குக் கட்டினார்.

மடைக்கு அந்தப் பக்கம் ராமக்கா நின்றிருந்தாள். அடுத்த முறை அவளுடையது. நேரம் எப்போதோ ஆகியிருந்தது. கடைசிப் பாத்தி நனையும் வரைக்கும் அவள் மடையைத் திருப்பவில்லை.